வேலியாக நிற்கும் ஆள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பேருந்தை விட்டு இறங்குகிறவருக்குக் கோபுரத்துக்கு முன்பே பால்கோவா கடைதான் கண்ணில் படும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. மார்கழி பிறந்தால் தமிழ்நாடு முழுக்க ஒலிக்கும் திருப்பாவையில் ஆண்டாள் தன்னை ஆயர்குலப் பெண்ணாகப் பாவித்துக்கொண்டதும் இந்த ஊரில்தான். மாட்டுக்கும் ஊருக்கும் என்ன உறவு என்று கேட்டால் உள்ளூர்க்காரர் இந்த இரண்டையும் சொல்லி முடித்துவிடுவார். மூன்றாவதாக ஒன்று மேற்கே மலையடியில் இருக்கிறது. அதைப் பற்றி நகரத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

வத்திராயிருப்பிலிருந்து மம்சாபுரம், ராஜபாளையம், சேத்தூர் வழியாகத் தேவதானம் வரை நீளும் மலையடி ஊர்களில் மாட்டு மந்தை வைத்திருப்பது குடும்பத் தொழில். தாத்தா வைத்திருந்த தொழுவைப் பேரன் நடத்துவான். மாடுகள் மலைமாடுகள்: உருவம் சிறியது, குளம்பு கெட்டி, பாறையிலும் சரிவிலும் ஏறி இறங்கும். கறந்தால் ஒரு லிட்டரோ இரண்டோ வரும். பெரும்பாலும் கன்றுக்கே விட்டுவிடுவார்கள். பால்கோவா சட்டியில் காய்வது இந்த மாட்டின் பால் அல்ல. அந்தப் பால் பெரும்பாலும் வீட்டுக் கொட்டிலில் தீவனம் தின்னும் கலப்பினப் பசுவுடையது. 2019-இல் எடுத்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சுமார் 95 லட்சம் மாடுகள். அவற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கலப்பினம்தான். மிச்சமிருக்கும் ஒரு பங்குக்குள்தான் காங்கேயமும் உம்பளச்சேரியும் பர்கூரும் புலிக்குளமும், இன்னும் முறையான பெயர்கூடக் கிடைக்காத மலைமாடும் அடக்கம்.

பால் இல்லையென்றால் பிழைப்பு எப்படி? சாணத்தில், கன்றில், கிடையில். அறுவடை முடிந்த வயலில் இரவு மாடுகளை அடைத்துக் கிடை போட்டால் நிலத்துக்காரர் இத்தனை மாட்டுக்கு, இத்தனை ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசிக் கூலி கொடுப்பார். தொழுவில் சேரும் சாணம் வண்டி வண்டியாகத் தோட்டங்களுக்குப் போகும். திமிலும் கொம்பும் எடுப்பாக நிற்கும் காளைக்கன்று மஞ்சுவிரட்டுக்கும் வண்டிக்கும் விலைபோகும். 2017 தைப் போராட்டத்துக்குப் பிறகு, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் ஜல்லிக்கட்டுச் சட்டத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டபோது ஊரெல்லாம் வெடி போட்டார்கள். வாடிவாசலுக்கு வரும் காளை எந்தத் தொழுவில் பிறந்தது, அதை மூன்று வயதுவரை மேய்த்தது யார் என்று அன்றைக்கு எந்தத் தொலைக்காட்சியும் கேட்கவில்லை.

இந்தத் தொழிலின் முதலீடு மாடு என்று நினைப்பது பெரிய தவறு. முதலீடு ஆள். காங்கேயம் பக்கத்துக் கதையோடு ஒப்பிட்டால் இது விளங்கும்.

தமிழ்நாட்டில் மாட்டுப் பண்ணைக் குடும்பம் என்றதும் கால்நடைத் துறையில் இருப்பவர்கள் முதலில் சொல்வது பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தக் குடும்பத்தின் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் காங்கேயம் இனத்தைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதை, பிற்காலத்தில் இந்திய மாட்டினங்களைப் பற்றி எழுதிய நிபுணர்கள் பலரும் குறிப்பிட்டிருக்கிறார்கள். செவலையாகப் பிறந்து, சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும் காங்கேயம் கன்றில் எது பொலிகாளையாக நிற்கும், எதைக் காயடித்து உழவுக்கு விற்பது என்று பார்த்துப் பார்த்துக் கழித்த வேலை அது. ஆனால் அந்தப் பண்ணைக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. கொங்கு நாட்டின் கொறங்காடு கிளுவை வேலி போட்ட சொந்த மேய்ச்சல் நிலம். உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரம். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் போதும்; ஒரு காட்டில் புல் தீர்ந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடியில் கிளுவை வேலி இல்லை, சொந்தக் காடும் இல்லை. இங்கே வேலியே ஆள்தான்.

நூறு மாட்டை மூன்று பேர் மலைக்கு ஓட்டிப் போய்ப் பொழுது சாய்வதற்குள் ஒன்று குறையாமல் தொழுவுக்குக் கொண்டுவருவதை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நடை என்று மட்டும் நினைக்கிறார்கள். அதற்குள் எத்தனை வேலை இருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். எந்தப் பசு முன்னே போனால் மற்றவை பின்னே வரும் என்று மாட்டுக்காரருக்குத் தெரியும். கன்றைத் தொழுவில் கட்டிவைத்துத் தாயை மேய விட்டால் அது தானாகத் திரும்பும் என்பது பால பாடம். ஈற்று நெருங்கிய பசு புதருக்குள் ஒதுங்குவதை முதல் நாளே கண்டுபிடித்துக் கீழே நிறுத்திக்கொள்ளாவிட்டால் கன்று சிறுத்தைக்குத்தான். சினைப்பருவத்துக்கு வந்த கிடேரியை எந்தக் காளையோடு விடுவது, ஒரு காளை எத்தனை வருஷம் மந்தையில் நிற்கலாம், அதன் மகள்கள் பருவத்துக்கு வருவதற்குள் அதை அடுத்த ஊர்த் தொழுக் காளையோடு மாற்றிக்கொள்வது எப்படி என்பதெல்லாம் ஏட்டில் இல்லாத இனப்பெருக்கப் பதிவேடு. கால்நடைக் கல்லூரியில் உள்ளினச் சேர்க்கையைத் தவிர்ப்பது என்று ஒரு பாடமே நடத்துவதை இவர்கள் காளை மாற்று என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

சுழி பார்ப்பதும் உண்டு. நெற்றியிலும் முதுகிலும் விழும் மயிர்ச் சுழியை வைத்துக் கன்றின் ராசியைச் சொல்வார்கள். அதில் பாதிக்கு மேல் நம்பிக்கைதான். ஆனாலும் வாங்க வருகிறவர் சுழி தேடும் சாக்கில் கன்றின் தோலையும் முதுகெலும்பையும் கால் வளைவையும் விரலால் தடவிப் பார்த்துவிடுகிறார். கேலி செய்கிறவர்கள் அந்தப் பலனைக் கவனிப்பதில்லை.

மாடு யாருடையது என்ற கணக்கும் எளிதானதல்ல. ஒரு மந்தையில் குடும்பத்தின் சொந்த மாடு, சித்தப்பா வீட்டு மாடு, ஊரில் வேறொருவர் வாரத்துக்கு விட்ட மாடு, கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளை என்று எல்லாம் கலந்திருக்கும். வாரத்துக்கு விட்டால் ஈனும் கன்றில் பங்கு. பத்திரம் கிடையாது. மாட்டுக்காரரின் வாய்ச்சொல்தான் பத்திரம். வெயிலில் நின்று மேய்ப்பவர் பல குடும்பங்களில் சம்பள ஆள். பல வருஷம் ஒரே வீட்டு மாட்டைப் பார்த்து அந்த வீட்டுக்காரரைவிட மந்தையை நன்றாக அறிந்தவர். மூத்த அண்ணனிடம் கேட்காமல் காளைக்கன்றை விற்றாலும் விற்பார்கள், அந்த ஆளிடம் கேட்காமல் விற்கமாட்டார்கள்.

இப்படிப்பட்ட ஆளுக்கு நம் சமூகம் என்ன மரியாதை வைத்திருக்கிறது? கணக்குத் தப்பாகப் போட்ட பையனை வாத்தியார் திட்டுவது மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று. மந்தை வைத்திருக்கும் வீட்டுப் பையனுக்கே பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள்; சம்பளத்துக்கு மேய்க்கிற வீட்டுப் பையனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ராஜபாளையத்தில் நூற்பாலை இருக்கிறது, சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் தறி இருக்கிறது, சிவகாசியில் அச்சகம் இருக்கிறது. அங்கே போனால் மாதச் சம்பளம், ஷிப்டு முடிந்தால் வீடு, வருங்கால வைப்புநிதி. பையன் போகாமல் என்ன செய்வான்? அவனைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை.

ராஜபாளையம் என்றால் வெளியூர்க்காரருக்கு நினைவுக்கு வருவது நாய். வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்குமாக இருக்கும் அந்த நாய்க்கு 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. சென்னை சைதாப்பேட்டையில் அரசின் நாய் இனப்பெருக்கப் பிரிவும் அதை வளர்த்துவந்தது. ஓர் இனத்துக்குப் பெயரும் ஆதரவும் கிடைத்தால் அது தப்பிக்கும் என்பதற்கு ஊருக்குள்ளேயே இருக்கும் சாட்சி இது. ஆனால் நாயை வீட்டுத் திண்ணையில் வளர்க்கலாம், குட்டியை நல்ல விலைக்கு விற்கலாம். நூறு மாட்டைத் திண்ணையில் வளர்க்க முடியாது.

அரசு நாட்டு மாட்டுக்கு எதுவுமே செய்யவில்லை என்று சொல்வதும் சரியல்ல. 2014 டிசம்பரில் ராஷ்ட்ரிய கோகுல் திட்டம் வந்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மானாமதுரையில் புலிக்குளத்துக்கும் பர்கூரில் பர்கூர் மாட்டுக்கும் சத்தியமங்கலத்தில் காங்கேயத்துக்கும் ஆராய்ச்சி நிலையங்கள் நடத்துகிறது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கின மரபுவளப் பணியகத்தின் பதிவில் புலிக்குளமும் பர்கூரும் இடம்பிடித்துவிட்டன. 2019 முதல் கோமாரிக்கு நாடு தழுவிய தடுப்பூசி போடுகிறார்கள். மாட்டின் காதில் மஞ்சள் தோடு மாட்டி 12 இலக்க எண்ணும் கொடுத்தாகிவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் ஒருவரை மட்டும் காணவில்லை. மலைமாட்டுக்குத் தடுப்பூசி போட வரும் கால்நடை ஆய்வாளர் சிரிஞ்சோடு தொழு வாசலில்தான் நிற்க முடியும்; மாட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கொம்பைப் பிடித்து, ஓரமாக ஒதுக்கித் தருகிறவர் மேய்க்கும் ஆள்தான். அவர் இல்லாத தொழுவில் தோடும் கிடையாது, ஊசியும் கிடையாது. உறைவிந்துக் குச்சியைத் திரவ நைட்ரஜனில் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். அதிலிருந்து பிறக்கும் கன்றைச் சரிவில் ஏற்றி இறக்கக் கற்றுக்கொடுக்கும் ஆளை எதில் வைத்துப் பாதுகாப்பது? மாட்டுக்கு எண் கொடுத்த அரசு, அதை மேய்க்கும் தொழிலாளிக்கு அந்தத் தொழிலின் பெயரால் ஓர் அட்டைகூடக் கொடுக்கவில்லை.

டெக்சாஸில் கிங் ராஞ்ச் என்று ஒரு குடும்பப் பண்ணை இருக்கிறது. 1853-இல் ரிச்சர்ட் கிங் தொடங்கியது. அடுத்த ஆண்டு மெக்சிகோவின் குருயாஸ் என்ற ஊர் பஞ்சத்தில் வாடியபோது அவர் போய் ஊராரின் மாடுகளை மொத்தமாக விலைக்கு வாங்கினார். ஓட்டிக்கொண்டு கிளம்பிய பிறகுதான், மாட்டை வாங்கிவிட்டோம், இதை மேய்க்கத் தெரிந்தவர்களை விட்டுவிட்டு வந்துவிட்டோமே என்று அவருக்கு உறைத்ததாகச் சொல்வார்கள். திரும்பிப் போய் ஊரையே வேலைக்கு அழைத்தார். குழந்தை குட்டியோடு கிளம்பி வந்தார்கள். கினென்யோ என்று அழைக்கப்படும் அந்தக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வேலை பார்த்தன. அந்தப் பண்ணை உருவாக்கி, 1940-இல் அமெரிக்க அரசு தனி இனமாக ஏற்ற சான்டா கெர்ட்ரூடிஸ் மாட்டில் ஓடும் ரத்தத்தில் ஒரு பங்கு இந்தியாவிலிருந்து போன திமில் மாடுகளுடையது. நிலமும் லாபமும் கிங் குடும்பத்துக்கே போயின என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் ஒரு கணக்கை அந்த முதலாளி சரியாகப் போட்டார்: மந்தையின் விலையில் மேய்ப்பவரின் அனுபவமும் சேர்த்தி.

நம் மலையடியில் அந்தக் கணக்கு தலைகீழாகப் போய்க்கொண்டிருக்கிறது. காரணங்களில் பெரியது காடு.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவு 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்ந்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த புலிகள் காப்பகமானது. நாட்டில் 51-ஆவது, தமிழகத்தில் ஐந்தாவது. 2022 மார்ச் 4-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மாடு மேய்க்கத் தடை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மார்ச் 17-ஆம் தேதி உத்தரவைத் திருத்தி, தடை தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்றது. மற்ற மாவட்டங்களில் பலர் பெருமூச்சு விட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு அந்தத் திருத்தத்தால் ஒரு பயனும் இல்லை. அவருடைய மலை சரணாலயமும்தான், காப்பகமும்தான். இந்த இரண்டு உத்தரவுகளுக்கும் நடுவே, மார்ச் 15-ஆம் தேதி, ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல்காரர்களுக்குமான சர்வதேச ஆண்டாக அறிவித்தது. தற்செயல்தான். இதைவிடப் பொருத்தமான கேலியை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது.

வனத்துறையின் வாதத்தில் பலம் இருக்கிறது. ஊர் மாட்டிடமிருந்து கோமாரி காட்டெருமைக்குப் போகும். புதுப்புல் துளிர்க்கட்டும் என்று வைக்கும் தீ பல ஏக்கர்களைத் தின்னும். மந்தை அதிகமானால் மானுக்கும் மிளாவுக்கும் தீனி குறையும். புலி ஒரு மாட்டை அடித்தால் ஆத்திரத்தில் அந்தச் சடலத்தில் விஷம் வைக்கிறவர்களும் உண்டு. காப்பகத்தின் உட்பகுதியில் மாட்டுக்கு இடமில்லை என்று சொன்னால் அதை ஏற்கத்தான் வேண்டும். ஏற்க முடியாதது வேறு: மலையை மூடிய அதே அரசு, மாடு இனி எங்கே மேயும் என்ற கேள்விக்கு ஒரு வரி பதில்கூட எழுதவில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கி வயலில் பயிர் நிற்கும் மாதங்களில்தான் மந்தை மலைக்கு ஏறும். அறுவடைக்குப் பிறகு தாளடியில் மேயக் கீழே இறங்கும். மலையை மூடினால் பயிர் நிற்கும் அந்த மாதங்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. 2025-இல் தேனி மாவட்டத்தில் மாடுகளோடு காட்டுக்குள் நுழைந்து போராடும் அளவுக்கு விஷயம் போனது.

சமவெளியிலாவது இடமிருக்கிறதா? வருவாய்த் துறைக் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு என்று ஒரு வகை ஊர்தோறும் உண்டு. நிலத்தில் போய்த் தேடினால் அதில் வீட்டுமனை, அரசுக் கட்டடம், சில ஊர்களில் யாரோ ஒருவரின் தென்னந்தோப்பு. கண்மாய்க்குள் சீமைக்கருவேலம். அதன் நெற்றைத் தின்று விதையைப் பரப்பியதில் மாட்டுக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(ஈ)-இல், நிலையாகவோ இடம்பெயர்ந்தோ மேய்க்கும் உரிமையைத் தெளிவாகவே குறிப்பிடுகிறது. பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாக, காட்டைச் சார்ந்து அங்கே வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். வாய்ச்சொல்லே பத்திரமாக இருந்த தொழிலில் 75 வருஷத்துக்குக் காகிதம் எங்கிருந்து வரும்? பழைய மேய்ச்சல் அனுமதிச் சீட்டுகளின் பதிவுகள் இருந்தால் அவை வனத்துறையின் சொந்த அலுவலகங்களில்தான் இருக்கும். உரிமை கேட்பவரையே ஆதாரத்துக்கு அலையவிடாமல், கிராம சபைக்கு அந்தப் பதிவுகளை எடுத்துக்கொடுப்பது மாவட்ட நிர்வாகத்தின் வேலையாக இருக்க வேண்டும்.

ஸ்பெயின் 1995-இல் ஒரு சட்டம் போட்டு, இடைக்கால மன்னர்கள் காலத்திலிருந்து வரும் மந்தைப் பாதைகளைப் பொதுச் சொத்து என்று உறுதி செய்தது. அந்த உரிமையை நினைவூட்ட மாட்ரிட் நகரத்தின் நடுவீதியில் வருஷத்துக்கு ஒருமுறை ஆட்டு மந்தை நடக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் அவ்வளவு ஆடம்பரம் வேண்டாம். காப்பகத்தின் வெளி எல்லையை ஒட்டிய நிலத்தில் எந்த மாதத்தில், எத்தனை மாடு, எந்த வழியாக என்று எழுத்தில் ஓர் ஏற்பாடு. தடுப்பூசி போட்டுத் தோடு மாட்டிய மந்தைக்கு மட்டும் அனுமதி. ஆக்கிரமிப்பில் போன மேய்க்கால் புறம்போக்கில் தாலுகாவுக்குச் சில இடங்களையாவது மீட்டல். தீ வைத்தால் அனுமதி ரத்து என்று சேர்த்துக்கொண்டால் வனத்துறைக்கும் ஆட்சேபம் குறையும். தீயை முதலில் பார்க்கிறவரும் மேய்ச்சல்காரர்தான்.

ஆளுக்கும் ஏதாவது செய்யலாம். மானாமதுரையிலும் பர்கூரிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்கள் வயதான மாட்டுக்காரர்களைச் சம்பளம் கொடுத்து ஆசிரியர்களாக வைத்துக்கொண்டால் பட்டம் படித்த மாணவர்களுக்குத்தான் லாபம். மந்தைக்குக் கொடுக்கும் காப்பீட்டில் மேய்ப்பவருக்கும் விபத்துக் காப்பீட்டைச் சேர்ப்பது பெரிய செலவல்ல. சிறுத்தையும் கரடியும் பாம்பும் உள்ள இடத்தில் வேலை பார்ப்பவருக்கு அது சலுகையாகாது. மலைமாட்டைத் தனி இனமாகப் பதிவு செய்ய மாதிரி எடுக்கும் விஞ்ஞானிகள், எந்தத் தொழுவில் எடுத்தோம் என்பதோடு யாருடைய கையில் வளர்ந்த மந்தை என்பதையும் எழுதலாம்.

2024 அக்டோபரில் தொடங்கிய 21-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில்தான் முதல்முறையாக இடம்பெயரும் மேய்ச்சல்காரர்களைப் பற்றியும் தகவல் திரட்டினார்கள். அந்தத் தகவல்கள் டெல்லிக்குப் போய் அறிக்கையாகத் திரும்ப நாளாகும். ஸ்ரீவில்லிபுத்தூரில் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. மாவட்ட ஆட்சியர், வனத்துறை, கால்நடைத் துறை, தொழுக்காரர்கள் என நான்கு தரப்பும் ஒரே அறையில் உட்கார்ந்தால், எந்தக் கண்மாயும் எந்தப் புறம்போக்கும் மழைக்காலத்தில் மந்தைக்குக் கிடைக்கும் என்று ஒரே நாளில் எழுதிவிடலாம். ஆடி முடிவதற்குள் அதைச் செய்தால்தான் அந்தப் பருவத்துக்குப் பயன். ஐப்பசியில் வயலில் நாற்று ஏறிய பிறகு கூட்டம் போட்டால், மேய்க்க இடமில்லாமல் மாட்டைத் தரகருக்குக் கொடுத்துவிட்டு மில் வேலைக்குப் போனவரைத் திரும்பக் கூப்பிடவேண்டியிருக்கும். அவர் வரமாட்டார்.